மணாலியில் "ரோதங் ஒருநாள் டூர்" புக் பண்ணுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பள்ளி விடுமுறைக்கு மணாலி போக டிக்கெட் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். மணாலிக்கு மேலே பனிமலையில் இருக்கும் ரோதங் கணவாய்க்குக் கூட்டிப்போகிறோம் என்று பணத்தை வாங்கிக்கொண்டு, வேறு எங்கோ சாலையோரப் பனியில் இறக்கிவிட்டு "இதுதான் ரோதங்" என்று சாதிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்த மே மாதக் கடைசியில் எங்களுக்கு அதுதான் நடந்தது. என் மாமியாருக்கு எழுபது வயதாகப் போகிறது. பனிமலை உச்சியில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால்தான் திருச்சியிலிருந்து அவ்வளவு தூரம் போனோம். வயதான ஒருவரின் ஆசையை வைத்துக் காசு பார்த்ததை என்னால் இன்னும் சகித்துக்கொள்ள முடியவில்லை.

மணாலியின் மால் ரோட்டில் நடந்தால் நாலு அடிக்கு ஒரு டூர் கடை. சோலாங், ரோதங், சிஸ்ஸு, மணிகரண், நக்கர் என்று வாசலில் பலகை தொங்கும். திங்கட்கிழமை சாயங்காலம் அப்படி ஒரு கடையில் விசாரித்தோம். "நாளைக்கே ரோதங் போகலாம், பர்மிட் கையில் தயாராக இருக்கிறது" என்றார் கடைக்காரர். வண்டிக்கு 6500 ரூபாய், பர்மிட்டுக்குத் தனியாக 1500. முன்பணம் 5000 ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். ரசீது கேட்டதும் ஒரு துண்டுச் சீட்டில் இந்தியில் ஏதோ எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தார்.

இங்கேதான் முக்கியமான விஷயம். செவ்வாய்க்கிழமைகளில் ரோதங் கணவாய்க்குச் சுற்றுலா வண்டிகளை விடுவதே இல்லை. சாலைப் பராமரிப்புக்காக வாரத்தில் அந்த ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அன்றைக்குப் பர்மிட்டும் கிடையாது. மால் ரோட்டில் கடை போட்டிருக்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தேதான் செவ்வாய்க்கிழமைக்கு விற்றார்.

பர்மிட் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த மோசடியும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது. கணவாயில் புகையும் நெரிசலும் அளவு மீறிப் போனதால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஒரு நாளைக்கு 1200 வண்டிகள், அதில் பெட்ரோல் 800, டீசல் 400. காருக்கு 500 ரூபாய் பர்மிட் கட்டணம், அதோடு நெரிசல் கட்டணம் 50. ஆக 550 ரூபாய். அரசு இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பர்மிட்டில் வண்டியின் பதிவெண்ணும் பயணத் தேதியும் அச்சாகியிருக்கும், குலாபா சோதனைச் சாவடியில் அதைப் பார்த்துதான் மேலே விடுவார்கள். எங்களிடம் இதற்கு 1500 வாங்கினார்கள். பர்மிட் என்று ஒரு காகிதத்தை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

காலையில் வண்டி வந்தது. ஊரைத் தாண்டியதும் சாலையோரம் வரிசையாகப் பனி உடை வாடகைக் கடைகள், ஒவ்வொன்றிலும் பெரிதாக எண் எழுதியிருக்கிறது. எங்கள் டிரைவர் ஒரு குறிப்பிட்ட எண் கடையில் நிறுத்தினார். பக்கத்துக் கடையில் விலை கேட்டு வருகிறேன் என்று என் கணவர் இறங்கியபோது, "இங்கே எடுத்தால்தான் வண்டி போகும்" என்று சொல்லிவிட்டார். ஆளுக்கு 500 ரூபாய். பூட்ஸுக்குள் கை விட்டால் ஈரம், முந்தைய நாள் யாரோ போட்ட கால் ஈரம் காயவே இல்லை. அத்தைக்குக் கொடுத்த கோட்டில் ஜிப் பாதியில் நின்றது, வேறு கொடுங்கள் என்றால் அந்த அளவில் இது ஒன்றுதான் என்றார்கள். ஊசி வைத்துக் குத்திக்கொண்டு போனார்.

பல்ச்சான் என்ற ஊரில் சாலை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் ஏறினால் கோத்தி, குலாபா, மர்ஹி வழியாக ரோதங். இடது பக்கம் போனால் சோலாங், அதைத் தாண்டி அடல் சுரங்கப்பாதை. எங்கள் வண்டி இடது பக்கம் திரும்பியது. போனில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் உடனே கேட்டாள். "இது புது ரோடு, சீக்கிரம் போகலாம்" என்றார் டிரைவர். சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது, ஒன்பது கிலோமீட்டர் நீளம், உள்ளே போவது அற்புதமான அனுபவம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அது கணவாய்க்குப் போகிற வழி இல்லை. மலை மேல் ஏறாமலே லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேரத்தான் மலையைக் குடைந்து அதைக் கட்டினார்கள். அதில் போவதற்கு ரோதங் பர்மிட்டும் தேவையில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்துவிட்டால் ரோதங் உங்கள் தலைக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம்.

அந்தப் பக்கம் வெளியே வந்து வலதுபுறம் சந்திரா ஆற்றங்கரையோடு கொஞ்ச தூரம் போய் ஓரிடத்தில் நிறுத்தினார். சாலையோரம் ஒரு சரிவில் அழுக்குப் பனி. மேலெல்லாம் வண்டிப் புகை படிந்து கறுத்து, நடுவில் நூடுல்ஸ் கப்புகள். டியூபில் உட்கார வைத்துச் சறுக்க ஆளுக்கு 300, யாக் மேல் உட்கார்ந்து போட்டோ எடுக்க 100, ஸ்னோ ஸ்கூட்டருக்கு 1500 என்று சுற்றி நின்று இழுக்கிறார்கள். "மாதாஜி, ரோதங் வந்தாச்சு" என்று அத்தைக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார் டிரைவர். அத்தை கும்பிட்டுக்கொண்டே இறங்கினார்.

என் மகள் போனில் உயரத்தைப் பார்த்தாள். 3100 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிக் காட்டியது. ரோதங் கணவாயின் உயரம் 3978 மீட்டர். எண்ணூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம். பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஊர் பேர் கேட்டோம். கோக்ஸர் என்றார். டிரைவரிடம் போனை நீட்டியதும் அவர் பேச்சு மாறியது. இன்றைக்கு மேலே ரோடு மூடல், அரசாங்கம் விடவில்லை, நான் என்ன செய்வது, பனி எங்கே இருந்தால் என்ன, எல்லாம் ஒரே பனிதானே என்றார். நேற்று சாயங்காலமே இது தெரியாதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மீதிப் பணத்தை அங்கேயே ஜிபேயில் போடச் சொல்லி வற்புறுத்தினார், போட்டால்தான் திரும்ப வண்டி எடுப்பேன் என்றார். கூட வயதானவர், குளிர்காற்று. என் கணவர் போட்டார்.

திரும்பும்போது உடைக்கடையில் இன்னொரு கூத்து. காலையிலேயே ஓடாமல் நின்ற அந்த ஜிப்பை நாங்கள்தான் கிழித்தோம் என்று 1000 ரூபாய் கேட்டார்கள். நல்லவேளை, காலையில் கிளம்பும்போது பிள்ளைகள் எடுத்த போட்டோ ஒன்றில் அத்தை கோட்டில் ஊசி குத்தியிருப்பது தெளிவாக இருந்தது. அதைக் காட்டியபிறகு முனகிக்கொண்டே விட்டார்கள். அந்தப் போட்டோ இல்லையென்றால் அந்த ஆயிரமும் போயிருக்கும். வாடகை உடை வாங்கும் இடத்தில் ஜிப், கிழிசல், பூட்ஸின் அடிப்பாகம் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுங்கள். தலையில் தொப்பி, கையுறை, சாக்ஸ் மூன்றும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அதற்கும் தனித்தனியாகப் பணம் கேட்கிறார்கள்.

சாயங்காலம் டூர் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் துண்டுச் சீட்டையே எடுத்து எங்களிடம் காட்டினார். இந்தியில் அவர் எழுதியிருந்தது "ஸ்னோ பாயின்ட்" என்று மட்டும்தான், ரோதங் என்ற பேரே அதில் இல்லை. தங்கியிருந்த விடுதியின் மேலாளர் படித்துச் சொன்னார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும். அவரே கடைக்குப் போன் போட்டு, பர்மிட் நகலைக் காட்டு, இல்லாவிட்டால் இவர்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறேன் என்று பேசினார். அரை மணி நேரத்தில் பர்மிட் காசு 1500 மட்டும் திரும்பி வந்தது. வண்டி வாடகை வரவில்லை.

அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரோதங்குக்கு யாராவது பேசினால் முதலில் கிழமையைப் பாருங்கள். அப்புறம் பர்மிட்டின் நகலை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அதிலுள்ள பதிவெண்ணும் காலையில் வந்து நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், தேதியும் சரியாக இருக்க வேண்டும். நகல் வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். ரசீதில் "ரோதங் கணவாய், மர்ஹி வழியாக" என்று ஆங்கிலத்திலேயே எழுதி வாங்குங்கள். இந்தி படிக்கத் தெரியாத நம்மைப் போன்றவர்களிடம் இந்தத் துண்டுச் சீட்டு வேலை சுலபமாக நடக்கிறது. பல்ச்சானில் வண்டி இடது பக்கம் திரும்பினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அங்கிருந்து மணாலி பக்கம்தான், திரும்பி வந்துவிடலாம். சுரங்கம் தாண்டிய பிறகு பேச்சு அவர்கள் கையில்.

குளிர்காலத்தில் போகிறவர்களிடம் ரோதங் என்று யாராவது பேசினாலே அது பொய். நவம்பர் வாக்கில் பனி மூடினால் பெரும்பாலும் மே மாதம் வரை கணவாய் திறப்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் சோலாங்கிலேயே பனி கிடைக்கும், ஸ்கீயிங்கும் அங்கேதான். ஆனால் பனி பெய்யும் நாளில் சோலாங் போகும் வழியில் நேரு குண்ட் என்ற இடத்திலேயே போலீஸ் தடுத்து, நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகளை மட்டும் விடுவார்கள். சாதாரணக் காருக்குப் பணம் கட்டியிருந்தால் அங்கே இறங்கி மறுபடி ஜீப்புக்குக் கொட்ட வேண்டியிருக்கும். 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஆயிரம் வண்டிகள் அளவுக்குப் பனியில் மாட்டிக்கொண்டு போலீஸ்தான் ராத்திரியெல்லாம் மீட்டது. வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் டூர்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் கிளம்பாதீர்கள். சோலாங்கில் பாராகிளைடிங் போகிறவர்கள் பைலட்டின் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை உண்டு, அந்த நாட்களில் பறக்க வைக்கிறேன் என்று கூப்பிடுகிறவர் சட்டத்தை மீறுகிறார்.

குல்லு பக்கம் மணிகரண் போகும் வழியில் "சால்வை தொழிற்சாலை" என்று நிறுத்துவார்கள். வெறும் கடைதான். இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இவ்வளவு சொன்னதால் மணாலியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர் மேல் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கேலாங் போகும் அரசுப் பேருந்தில் ஏறி, அதே சுரங்கம் வழியாக சிஸ்ஸுவில் இறங்கினோம். வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போகிற அதே இடம், பஸ்ஸில் சில நூறு ரூபாயில் முடிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலையிலிருந்து விழும் அருவியும், கரையில் நெட்டை நெட்டையாக நிற்கும் பாப்ளர் மரங்களும் அத்தைக்கு ரொம்பப் பிடித்துப்போயின. இன்னொரு நாள் பியாஸ் ஆற்றின் இடது கரைச் சாலையில் நக்கர் போனோம். குல்லு ராஜாக்களின் பழைய கோட்டை, கல்லும் தேவதாரு மரமும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டியது, 1905 நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. அதற்கு மேலே ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் 1947-ல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இருக்கிறது, அவர் வரைந்த இமயமலை ஓவியங்களை அங்கே பார்க்கலாம். இதற்கெல்லாம் எந்தப் பர்மிட்டும் வேண்டாம், எந்தக் கடைக்காரரும் வேண்டாம்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, மகள் எடுத்து வைத்திருந்த உயரம் காட்டும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் கொடுத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்த 5000-க்கு அந்தச் சீட்டு மட்டும்தான் சான்று, அதனால் நீங்கள் முன்பணத்தையும் போனிலேயே கட்டுங்கள். அங்கேயே உடனடி உதவி வேண்டுமென்றால் சுற்றுலாப் பயணிகளுக்கான 1363, ஆபத்து என்றால் 112. இந்த மூன்று எண்களையும் கிளம்புவதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்கள் போனிலும் பதிந்து வைத்துவிடுங்கள். இதேபோல் மணாலியில் செவ்வாய்க்கிழமைக்கு ரோதங் விற்கப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், நீங்களும் 1915-ல் புகார் கொடுங்கள்.