அருகா, கொரியனா, பஃபலோவா? சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும் ஏற்ற புல்தரை

நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் விரித்து வைத்திருக்கும் புல் பாய்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எப்போதும் கொரியன் புல்தான் வெல்லும். அங்கே அதற்கு நிழலும் உண்டு, நாளைக்கு இருமுறை தண்ணீரும் உண்டு. நம் வீட்டு முற்றத்தில் அவ்விரண்டும் இருக்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும் சேலத்து வெயிலில், புல்லின் அழகைவிட ஒரு நாளில் விழும் வெயிலின் மணிக்கணக்கையும் ஆழ்துளைக் கிணறு தரும் தண்ணீரின் அளவையும் வைத்தே மூன்று வகைகளையும் எடைபோட வேண்டும்.

முதலில் கொரியன் புல்லை எடுத்துக்கொள்வோம். ஊசிபோல் மெலிந்த இலை, நெருக்கமான வளர்ச்சி, வாரந்தோறும் வெட்டவேண்டிய தேவையின்மை ஆகியவை அதன் உண்மையான பலங்கள். அது வறட்சியில் எளிதில் செத்துவிடுவதில்லை. ஆனால் ஓரிடத்தில் பட்டுப்போனால் அந்த இடைவெளியை மூட ஒரு பருவமே எடுத்துக்கொள்ளும். கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்புறம் 200 சதுர அடிக்கு இதைத்தான் முதலில் விரித்தேன். வெட்டவே தேவையில்லை என்ற விற்பனைப் பேச்சை நம்பி இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்ததில், தரை மேடும் பள்ளமுமாகப் பொங்கி, காலை வைத்தால் பழைய இலவம்பஞ்சு மெத்தைபோல் அமுங்கியது. ஒரு மேட்டை விரலால் பிரித்துப் பார்த்தபோது, மேலே அரை விரற்கடை பச்சை, அதன் கீழே காய்ந்த தண்டுகள் பின்னிய பழுப்புப் படலம். ஊற்றிய தண்ணீர் அந்தப் படலத்திலேயே நின்றுவிட, அடிமண் பொடியாக உதிர்ந்தது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறையாவது வெட்டி, முள்வாரியால் வாரிவிட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

அருகம்புல்லுக்கு இப்படிப்பட்ட செல்லம் தேவைப்படுவதில்லை. ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அதில் உவமை மட்டுமல்ல, தாவரவியலும் இருக்கிறது: இந்தப் புல் தரைக்கு மேலே ஓடுதண்டாலும், மண்ணுக்குள் கிழங்குத்தண்டாலும் ஒருசேரப் பரவுவதால், கோடையில் மேற்புறம் வைக்கோலாகக் காய்ந்தாலும் ஒரு நல்ல மழைக்குப் பத்து நாளில் துளிர்த்துவிடும். குழந்தைகள் ஓடியாடும் இடத்துக்கு இதுவே தகுந்தது. கிரிக்கெட் மைதானங்களில் பெர்முடா என்ற பெயரில் வளர்ப்பதும் இதன் நுண்ணிலை வகைகளையே. குறைகள் இரண்டு. நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த வெயில் விழும் இடத்தில் அது நீண்டு மெலிந்து, மண் தெரியத் தொடங்கும். மேலும், பூப்பாத்திக்குள் புகுந்துவிட்டால் பிடுங்கி மாளாது. பாத்தியைச் சுற்றி அரை அடி ஆழத்துக்குச் செங்கல் பதிப்பது நட்ட அன்றே செய்ய வேண்டிய வேலை.

பஃபலோ புல் என்று விற்கப்படும் அகன்ற இலைப் புல்லைப் பலர் முரடு என்று ஒதுக்குகிறார்கள். என் கணிப்பில் இது அநியாயம். மாமரத்தடியிலும் மதில் நிழலிலும் மற்ற இரண்டும் தோற்கும் இடத்தில் நிற்பது இதுதான். இதற்கு மண்ணுக்குள் ஓடும் தண்டு இல்லை என்பதால், எல்லை மீறினாலும் கையால் இழுத்து எடுத்துவிடலாம். உயரத்தில்தான் கவனம் வேண்டும். அருகை மூன்று சென்டிமீட்டருக்கு வெட்டலாம். இதை ஆறு, ஏழு சென்டிமீட்டருக்குக் கீழே இறக்கினால் வெறும் தண்டுதான் மிஞ்சும். தண்ணீரும் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் கேட்கும்.

தண்ணீர்க் கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர். 200 சதுர அடிக்கு, அதாவது ஏறத்தாழ 18.6 சதுர மீட்டருக்கு, கோடையில் வாரம் 25 மில்லிமீட்டர் என்றால் 465 லிட்டர். இதைத் தினமும் தெளிப்பதைவிட இரண்டு தவணையாக அதிகாலையில் நின்று பாய்ச்சினால், அருகின் வேர் ஆழத்துக்கு இறங்கும்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு சிக்கல், சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே, செட்டிச்சாவடிப் பக்கம் மேக்னசைட் என்ற கனிமத்தை வெட்டியெடுக்கும் பகுதியை ஒட்டிய மண்ணில் தெரியும். காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது; இளந்தளிரின் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். அதைப் பார்த்ததும் யூரியாவை அள்ளிப் போடுவது வீண். லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் ஓரிரு வாரங்களில் பச்சை திரும்பும்; கரைசல் சிமெண்டுத் தரையில் பட்டால் துருக்கறை போகாது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு ஏறினால் கணக்கு மாறிவிடும். அடிவாரத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி, கூடுதல் மழை, காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழல். அருகுக்கு அங்கே வெயில் போதாது. பஃபலோ புல்லும், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பரவலாகக் காணும் கிக்குயு புல்லும்தான் அங்கே நேர்ப் போட்டியாளர்கள். கிக்குயு வேகமாக மூடும், குளிரிலும் பச்சை குறையாது. ஆனால் வேலியைத் தாண்டிக் காப்பிச் செடியின் அடியில் ஏறிவிடும் என்பதால், தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பஃபலோவே போதும். ஐப்பசியில் பனிமூட்டம் நாள்கணக்கில் விலகாதபோது, அதன் இலையில் சாம்பல் நிறப் புள்ளிகள் கண்டால் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட்டு, வெயில் வந்து இலை உலர்ந்த பிறகே வெட்ட வேண்டும்.