தூக்கிப் போடும் பிக்கப்: ஐந்து வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "என் பிக்கப்பும் உங்க வண்டி மாதிரியே தூக்கிப் போடுது. நீங்க என்ன ஷாக் அப்சார்பர் போட்டீங்க?" இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஷாக் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் வண்டி, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இன்ஜின், கியர், ஏசி எதிலும் குறையில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். குறை ஒன்றே ஒன்றுதான்: பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் குதிக்கும். ஒரு டன் சுமப்பதற்காக, எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்த பட்டை ஸ்பிரிங், வெறும் தொட்டிக்கு வளைந்து கொடுக்காது. இதற்காக வண்டியைத் திட்டுவது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் திட்டியிருக்கிறேன்.

மூன்றாம் வருடம் ஒரு பட்டறையில் "ஷாக் போயிடுச்சு" என்றார்கள். நம்பி, நான்கையும் கழற்றிவிட்டுக் கனமான ஷாக் போட்டேன். முன்பைவிட மோசமானது. பிறகுதான் புரிந்தது: வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். என் வண்டி ஆடவே இல்லை, ஒரே இடியாக இடித்தது. ஏற்கெனவே விறைப்பாக இருந்த ஸ்பிரிங்குக்கு விறைப்பான ஷாக்கைத் துணைக்கு வைத்ததுதான் நான் கண்ட பலன்.

முதல் நிவாரணம் காசில்லாமல் கிடைத்தது. கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் டயர் காற்று இரண்டு விதமாகப் போட்டிருக்கிறது, காலி வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று. நான் வருடக்கணக்காகப் பாரத்துக்கான அளவிலேயே ஓட்டியிருக்கிறேன். டயர் சூடாகும் முன் அளந்து, பின்பக்கம் காலி அளவுக்கு இறக்கியதுமே பாதி இடி குறைந்தது. அட்டையில் உள்ள அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், டயர் சூடேறிக் கெட்டுவிடும். பாரம் ஏற்றுவதற்கு முன் மறுபடி அடிக்க மறக்கவும் கூடாது.

அப்புறம் நான் இன்னும் ஆறாத விஷயம்: புஷ். அதே பட்டறையில்தான் ஸ்பிரிங் கண்களின், அதாவது அதன் நுனி வளையங்களின், உள்ளே இருக்கும் ரப்பர் புஷ்களையும் மாற்றியிருந்தார்கள். வண்டியைத் தூக்கி, ஆக்சில் (பின்சக்கரங்களின் அச்சு) தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டார்கள். அந்த நிலையில் இறுக்கினால் ரப்பர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சக்கரம் தரையில் பட்டதும் அது முறுகி நின்று, தானும் ஒரு ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்பதைப் பார்த்து, "புது புஷ், அதான்" என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். வேறொரு மெக்கானிக் வண்டியைத் தரையில் நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தி, தொட்டியின் ஓரத்தில் ஏறி இரண்டு குதி குதித்தார். 'டொக்' என்று ஒரு சத்தம், பின்பக்கம் இறங்கியது. அப்படியே முறுக்கினார். மொத்தம் இருபது நிமிட வேலை. இதற்காகவா இரண்டு வருடம் முதுகைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன்!

அவரே பட்டைகளுக்கு நடுவில் இருந்த துருவையும் காட்டினார். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும். துரு பிடித்தால் சின்னச் சின்ன மேடுகளுக்கு அசையாமல், அடியை அப்படியே உள்ளே அனுப்பும். பிரித்து, தேய்த்து, நுனிகளில் நைலான் துண்டு வைத்தோம். ரோட்டு ஒட்டுகளில் வந்த அந்தப் படபடப்பு அதோடு போயிற்று.

"அடியில இருக்கற தடிப் பட்டையை எடுத்துட்டா?" என்றும் நண்பர் கேட்டார். பெரும்பாலான வண்டிகளில் அது பாரம் ஏறினால்தான் மேல் பட்டைகளோடு சேர்ந்து வேலை செய்யும். எடுத்தால் சுமக்கும் திறன் போகும், காலி ஓட்டத்தில் பெரிய சுகமும் வராது. அதற்குப் பதில் ஆக்சிலுக்கு நேர்மேலே இரண்டு மணல் மூட்டை வைக்கலாம். நன்றாகக் கட்டிவிடுங்கள், பிரேக் அடித்தால் கேபினைத் தேடி வரும். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், சரி, முதுகுக்காகப் போகட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு வண்டி எப்படி? பழையதோடு ஒப்பிட்டால் சொர்க்கம். ஆனாலும் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: வாரம் முழுக்கக் காலியாக ஓட்டுபவர் பிக்கப் வாங்கவே கூடாது. பின்சீட்டில் அம்மாவை நான் இன்றைக்கும் ஏற்றுவதில்லை.

நேற்று நானூறு கிலோ செங்கல் ஏற்றி வந்தேன். அதே ரோடு, அதே பள்ளங்கள், வண்டி படகு மாதிரி மிதந்து வந்தது. நண்பரிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. இறக்கிவிட்டுத் திரும்பினேன், முதல் வேகத்தடை வந்தது, மறுபடி திட்ட ஆரம்பித்தேன்.