பேட்டியா, பக்கமா?

புத்தகங்கள் தடைசெய்யப்பட்ட, தீயணைப்புப் படையே அவற்றை எரிக்கும் ஓர் உலகைக் காட்டும் நாவல், ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953). அது உண்மையில் எதைப் பற்றியது? ஆசிரியரைக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். 1956 வானொலிப் பேட்டியில், மெக்கார்த்தி காலத்துப் (அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்தவர்களை வேட்டையாடிய காலம்) புத்தக எரிப்பு அச்சம் என்றார். 2007-இல், தணிக்கையே அல்ல, தொலைக்காட்சி என்றார். அரை நூற்றாண்டில் எவருக்கும் கோபம் இடம் மாறும். எழுதிய சூழலை அறிய, வெளியீட்டை ஒட்டிய பேட்டியையே எடுங்கள்.

பொருளுக்கு நாவலைத்தான் நம்புவேன். அதில் இரண்டும் இருக்கின்றன. நாயகனின் மனைவி மில்ட்ரெட்டின் வீட்டு வரவேற்பறையில் மூன்று சுவர்களும் திரை. நான்காவதும் வேண்டும் என்கிறாள். புத்தகத் தடை அரசாங்கம் மேலிருந்து தொடங்கியதல்ல என்று தீயணைப்புப் படைக் கேப்டன் பீட்டியே சொல்கிறார். ஆனால் வீடு தேடிவந்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது அவருடைய ஆட்கள்தானே? அதைத் தணிக்கை இல்லையென்று எந்தப் பேட்டியாலும் அழிக்க முடியாது.