சென் போல் சந்தையில் பனாமா சான்கோச்சோ

நம் ரீயூனியன் தீவின் சென் போல் கடற்கரைச் சந்தைக்குப் போனால் காய்கறி வாங்கி, ரெண்டு சமோசாவும் நாலு போன்போன் பிமான் என்கிற மிளகாய் வடையும் தின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புவதுதான் இத்தனை வருஷமாக என் வழக்கம். இப்போது மூன்று வாரமாகச் சந்தை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒரு காமியோன் பாருக்கு, அதாவது சாப்பாட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறேன். பனாமாவில் பிறந்து, இந்தத் தீவுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த ஒரு அம்மா தன் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து விற்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. வண்டியில் நீலமும் சிவப்பும் வெள்ளையுமாக அவர் நாட்டுக் கொடி இருக்கும், அதுதான் அடையாளம்.

இது மெக்சிகோ சாப்பாடு இல்லை. நான் நின்றுகொண்டிருந்தபோதே ரெண்டு பேர் வந்து தாக்கோ கேட்டார்கள், இல்லை என்றதும் போய்விட்டார்கள், எனக்கு வருத்தமாக இருந்தது. பனாமாச் சமையலில் காரம் ரொம்பக் குறைவு. மிளகாய் விழுது வேண்டுமானால் தனிக் கிண்ணத்தில் இருக்கிறது, ஆனால் முதல் தடவை அதைத் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

சாப்பிட வேண்டியது சான்கோச்சோ. 9 யூரோ. நாட்டுக்கோழியை எலும்போடு வெட்டிப் போட்டு, வள்ளிக்கிழங்கோடு நின்று வேகவைத்த சாறு. கிழங்குக்கு அவர்கள் ஊரில் ந்யாமே என்று பெயர், இங்கே நாம் கம்பார் என்று வாங்குவதைத்தான் இவர் போடுகிறார். பாதிக் கிழங்கு கரைந்து சாற்றைக் கெட்டியாக்கிவிடும், மீதி துண்டு துண்டாகக் கிடக்கும், விரலால் அழுத்தினாலே மசிந்துவிடுகிற பதம். உப்பு, பூண்டு, வெங்காயம், ஒரேகானோ, அவ்வளவுதான். மஞ்சள் இல்லை, மிளகு சீரகம் இல்லை. அப்புறம் எங்கிருந்து வருகிறது அந்த வாசம் என்று கேட்டேன். ஒரு டப்பாவிலிருந்து நீளமான இலை ஒன்றை எடுத்து, கசக்கி என் கையில் வைத்தார். ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி பல், வாசனை கொத்தமல்லிதான், ஆனால் அதைவிட நாலு மடங்கு முரட்டு வாசனை, சாயங்காலம் வரை விரலை விட்டுப் போகவில்லை. இதுதான் குலாந்த்ரோ. நம் கொத்தமல்லியைக் கடைசியில் தூவி இறக்க வேண்டும், கொதித்தால் வாசம் போய்விடும். இது கொதிக்கக் கொதிக்கச் சாற்றில் இறங்கும் ரகம்.

கோழி ரசத்துக்குப் பழகிய நாக்கு, அதனால் முதல் ரெண்டு கரண்டியில் என்னவோ குறைகிற மாதிரிதான் இருந்தது. கூட வருகிற வெள்ளைச் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றில் போட்டுச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கோழியின் ருசி தனியாக, கிழங்கின் ருசி தனியாகத் தெரிந்தது. மசாலா மூடாத கோழி எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருக்கிறது. பனாமாவில் உச்சி வெயிலிலும் இதைச் சுடச்சுடக் குடிப்பார்களாம், ராத்திரி முழுக்கக் கொண்டாடிவிட்டு எழுந்தவர்களுக்கும் மறுநாள் இதுதான் மருந்தாம்.

சனிக்கிழமை போனால் அரோஸ் கொன் குவாந்து கிடைக்கும். குவாந்து என்றால் துவரை. பச்சைத் துவரையையும் அரிசியையும் தேங்காய்ப்பாலில் பொங்கிய சோறு, அங்கே கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் செய்வது. பருப்பும் அரிசியும் சேர்த்துப் பொங்குகிற நம் சம்ப்ரோகாலைத் தின்று வளர்ந்தவர்களுக்கு ஒரு வாயிலேயே சொந்தம் புரிந்துவிடும். துவரை இந்திய மண்ணில் பிறந்த பயிர், ஆப்பிரிக்கா வழியாக அடிமைக் கப்பல் காலத்தில் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போனது. 1904-லிருந்து 1914 வரை பனாமா கால்வாய் வெட்ட பார்படோஸிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் போன கூலி ஜனங்களின் கைப்பக்குவம் அந்த ஊர்க் கரீபியக் கரையோரச் சமையலில் இன்றும் இருக்கிறது. கரும்புக் கொல்லைக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வாரிசுகள் வாழும் இந்தத் தீவில் அந்தச் சோற்றைச் சாப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இவர் கறி போடாமல் பொங்குகிறார், காவடி விரதக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

கரிமன்யோலா நன்றாக இருக்கிறது. மரவள்ளியை வேகவைத்துப் பிசைந்து, உள்ளே கொத்துக்கறி வைத்துப் பொரித்தது, வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஒகால்த்ரே என்கிற பொரித்த ரொட்டி காலையிலேயே தீர்ந்துவிடுகிறது, எனக்கு ஒரு தடவைதான் கிடைத்தது. பத்தக்கோன் மட்டும் ஏமாற்றம். வாழைக்காயை ஒருமுறை பொரித்து, தட்டி, மறுபடி பொரிக்கிற பண்டம் அது, அடுப்பிலிருந்து நேராக வாய்க்குப் போக வேண்டும். முன்கூட்டியே பொரித்து அடுக்கி வைத்திருந்தார், மூன்று வாரமும் ஆறிப்போய் அட்டை மாதிரிதான் கிடைத்தது.

குடிக்க சிச்சேமே கேளுங்கள், 3 யூரோ. உடைத்த சோளத்தை வேகவைத்து, பால், பட்டை, வனிலா சேர்த்துக் குளிர வைத்தது, லா சொர்ரேரா என்ற ஊர் இதற்குப் பேர் போனது. பாதி குடித்து பாதி மென்று சாப்பிட வேண்டும். முதல் வாரம் தித்திப்பு தாங்கவில்லை, சொன்னேன், அடுத்த வாரமே குறைத்திருந்தார்.

கார்டு வாங்குவதில்லை, கையில் காசு வேண்டும். பத்தரைக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் கிழங்கு தீர்ந்து வெறும் சாறுதான். வீட்டுக்கு வாங்குவதென்றால் ஒரு தூக்குவாளி எடுத்துப் போங்கள், அவர் தருகிற பார்கெத், அதாவது பார்சல் டப்பாவின் மூடி சரியாக நிற்பதில்லை, சென் தெனியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் சாற்றில் கால்வாசி பைக்குள் போய்விட்டது.