ஜிகாபைட்டா, ஜிபிபைட்டா?

புதிதாக வாங்கிய 1 டெராபைட் வன்தட்டைக் கணினியில் இணைத்ததும் விண்டோஸ் 931 ஜிகாபைட் என்று காட்டும்போது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று ஐயுறுவோர் பலர். தட்டில் சொன்னபடி ஒரு லட்சம் கோடி பைட் இருக்கிறது. அளக்கும் கோல்தான் வேறு.

தயாரிப்பாளர்கள் கையாளும் பதின்ம முறையில் ஒரு ஜிகாபைட் என்பது 100 கோடி பைட். இரண்டை அடிப்படையாகக் கொண்ட இரும முறையிலோ 1,024-ஐ மும்முறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட். இதற்குத்தான் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் ஜிபிபைட் என்று தனிப்பெயர் சூட்டியது. விண்டோஸ் இரும முறையில் வகுத்துவிட்டுப் பதின்மப் பெயரையே எழுதுவதால்தான் இத்தனை குழப்பமும். மேக் கணினிகள் 2009 முதல் வன்தட்டைப் பதின்ம முறையிலேயே காட்டுகின்றன.

கிலோ அளவில் 2.4 விழுக்காடாக இருக்கும் இடைவெளி, டெரா அளவில் ஏறத்தாழ 10 விழுக்காடாகிவிடுகிறது. பழைய 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு இரண்டு கணக்கிலும் சேராதது: 1,440-ஐ 1,024-ஆல் பெருக்கிய 14,74,560 பைட்டை 1,000-மும் 1,024-மும் கலந்து வகுத்துக் கிடைத்த எண் அது.

நினைவகத்தில் ஒவ்வோர் இடத்தையும் குறிக்கும் முகவரிக்கு ஒரு பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம்) கூடும்போதெல்லாம் கொள்ளளவு இரட்டிப்பதால், அங்கே இரும முறை இயல்பாகவே பொருந்துகிறது. வன்தட்டுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை என்பதால், அதற்குப் பதின்ம முறையே தக்கது என்பேன். உறையில் உள்ள ஜிகாபைட் எண்ணை 0.931-ஆல் பெருக்கினால், விண்டோஸ் திரையில் தோன்றும் எண் ஏறக்குறையக் கிடைத்துவிடும்.