முந்தானை எந்தத் தோளில்? சட்டப்படி ஓசிப் படம் பார்த்த இரண்டு வருஷம்

கொட்டாரக்கரையிலிருந்து தங்கை வீட்டு மாப்பிள்ளை போன வாரம் போன் செய்தார். அவர் மகன் எங்கிருந்தோ ஒரு படம் பார்க்கும் செயலியை இறக்கிப் போட்டிருக்கிறான். அன்றிலிருந்து போனைத் தொட்டாலே ரம்மி ஆட வா என்று கூப்பிடுகிறதாம். பயலைத் திட்டி முடித்த கையோடு என்னைப் பிடித்தார். "மச்சான், நீங்க காசே கட்டாம படம் பாக்கீங்கன்னு இவ சொல்லுதா. அதுவும் இந்தச் சங்கதிதானா?"

இல்லை மாப்பிள்ளை. 2024 ஜூலை முதல் வாரத்தில் ரீசார்ஜ் கட்டணம் ஏறியது நினைவிருக்கும். அன்று ராத்திரியே, கட்டிக்கொண்டிருந்த இரண்டு சந்தாக்களையும் நிறுத்தினேன். கோபத்தில் செய்த வேலைதான். அப்போது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இரண்டு: காசு கொடுக்கக் கூடாது, திருட்டுப் படமும் பார்க்கக் கூடாது. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எதை எப்படி இறக்குவது என்பதெல்லாம் பயலுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். வீடு புளியரையில், மலையடிவாரத்தில். வேலை புனலூரில், ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு. டிவிக்கு இணையம் என் போனிலிருந்துதான் போகிறது. அந்த சிம் புனலூரில் வாங்கிய கேரள சிம். பார்ப்பது பெரும்பாலும் அம்மா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பழைய படம் என்றால் சோறு வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட் பிடிக்கிறவன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படத்துக்குப் பஞ்சமே இல்லை. யூடியூபில் ராஜ்ஸ்ரீ தமிழ், ஏபி இன்டர்நேஷனல் மாதிரி உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே முழுப் படங்களைப் போட்டு வைத்திருக்கின்றன. அமேசான் எம்எக்ஸ் பிளேயர் விளம்பரத்தோடு இலவசம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் 'வேவ்ஸ்' என்று ஒரு தளத்தைத் தொடங்கியது, பழைய தூர்தர்ஷன் சரக்கெல்லாம் அதில் கிடைக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் பட்டியல்களில் டூபி, கனோப்பி என்று வரும், அவற்றை நம்பி உட்கார வேண்டாம். டூபி இங்கே திறக்காது. கனோப்பிக்கு அந்த ஊர் நூலக அட்டை வேண்டும். செங்கோட்டை நூலக அட்டை என்னிடம் இருக்கிறது, அதை அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எது முறையான படம், எது திருட்டு என்று கண்டுபிடிப்பதில்தான் ஆரம்பத்தில் திணறினேன். யூடியூபில் இருந்தாலே சட்டப்படி என்று நினைத்திருந்தேன். அது தப்பு என்று கண்டுபிடித்தது அம்மா.

ஒருநாள் சாயங்காலம் ஏதோ ஒரு குடும்பப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திடீரென்று, "ஏல, இந்தப் பிள்ளை ஏன் முந்தானையை வலது தோள்ல போட்டிருக்கா? சேட்டு வீட்டுப் பிள்ளையா?" என்றாள். நான் பார்த்தேன். அந்தப் பெண் மட்டுமில்லை, அவள் மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, கல்யாணத்துக்கு வந்த கூட்டம், எல்லோருக்கும் முந்தானை வலது தோளில்தான். கதாநாயகன் இடது கையால் சாப்பிடுகிறான். பேருந்தின் பெயர்ப்பலகையில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கிறது.

சங்கதி இதுதான். யூடியூபில் கன்டென்ட் ஐடி என்று ஒரு ஏற்பாடு 2007-லிருந்து இருக்கிறது. உரிமைக்காரர் தன் படத்தைக் கொடுத்து வைத்தால், யாராவது அதை ஏற்றும்போது படத்தையும் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்துவிடும். அதற்குத் தப்பத்தான் திருட்டு ஆசாமிகள் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுகிறார்கள். படத்தைச் சுற்றிப் பூ வேலை செய்த சட்டகம் ஒன்றைப் போடுகிறார்கள். குரலைக் கொஞ்சம் வேகப்படுத்துவார்கள், வில்லன் கிளி மாதிரி பேசுவான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் படம் போட்டாலும் முதல் பெண் திரைக்கு வந்ததும் அம்மாவின் தீர்ப்புக்குக் காத்திருப்போம். "சரியாத்தான் உடுத்திருக்கா" என்றால் தொடரலாம். சேனலின் விவரப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, ஒரே கம்பெனி தயாரித்ததும் வாங்கியதுமான படங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று நான் பார்ப்பேன். ஆனால் முந்தானைச் சோதனை அதைவிட வேகம்.

மாப்பிள்ளை கேட்டார், பழைய படத்துக்கெல்லாம் என்ன உரிமை என்று. நம் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷம் தொடங்கி 60 வருஷம். 1960-ல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் படத்தின் உரிமை வேறு, பாட்டின் உரிமை வேறு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் காலமாகி 60 வருஷம் அது தனியாக ஓடும். முறையான சேனல் படத்திலேயே நடுவில் ஒரு பாட்டு காணாமல் போனால் இந்த மாதிரி தனி உரிமைச் சிக்கலாக இருக்கலாம். இது எனக்குப் புரிகிறது. அம்மாவுக்குப் புரியவில்லை. "பாட்டுக்குத்தானே படம்" என்கிறாள். அதுவும் நியாயம்தான்.

ஒரு சேனலில் பழைய படங்களை அகலத் திரைக்குப் பொருத்துகிறேன் என்று மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். நடிகர் திலகத்துக்கு நெற்றியே இல்லை. நெற்றி இல்லாமல் சிவாஜியைப் பார்ப்பது எப்படி? புருவம் பாதி நடிப்பு! அந்தச் சேனல் பக்கம் இப்போது போவதில்லை.

சரி, விளம்பரத்துக்கு வருகிறேன். ஓசிக்கு விலை அதுதான் என்று எனக்குத் தெரியும். நான் கொடுக்காத காசை விளம்பரக்காரர் கொடுக்கிறார், அதில் ஒரு பங்கு படத்துக்காரருக்குப் போகிறது, அதனால்தான் இது திருட்டு இல்லை. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை விளம்பரத்தோடு இல்லை, அது வரும் இடத்தோடு. தியேட்டரில் இடைவேளை என்றால் இயக்குநர் யோசித்து வைத்த இடம். முறுக்கு வாங்கப் போகும்போதும் கதை தலைக்குள் ஓடும். இங்கே அப்படி இல்லை. விளம்பரம் எங்கே வர வேண்டும் என்று படத்தை ஏற்றியவர் கையால் குறிக்கலாம். குறிக்காமல் விட்டால் இயந்திரம் தானே பார்த்து வைத்துக்கொள்ளும். இரண்டரை மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்த்துக் குறிக்க யாருக்கு நேரம்? அதனால் மகன் அம்மா மடியில் கடைசி மூச்சை விடும்போது நகைக்கடை வருகிறது.

நான் சொல்வது கதை இல்லை. போன தை மாதம் நடந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், திரையில் மகன் "அம்மா..." என்கிறான், டம் என்று செண்டை மேளம், நாலு பெண்கள் கழுத்து நிறைய நகையோடு இறங்கி வருகிறார்கள். சத்தம் வேறு படத்தைவிட இரண்டு மடங்கு. அதுவும் மலையாளத்தில். இணையம் கேரள சிம்மில் வருவதால் எங்களைக் கேரளக்காரர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. எல்லா விளம்பரமும் அந்தப் பக்கத்துக்கானது. புட்டுப்பொடி, வெள்ளை முண்டு, ஆயுர்வேத எண்ணெய், நகை.

நான் கொதித்துப் போய் ரிமோட்டைத் தேடுகிறேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "இருல. பணிக்கூலின்னு சொல்லுதான் பாரு."

செய்கூலியைத்தான் மலையாளத்தில் பணிக்கூலி என்பார்கள். பவுனுக்குப் பவன். தாத்தா திருவிதாங்கூர் காலத்தில் செங்கோட்டையில் படித்தவர். 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கணக்கு நோட்டில் பாதி மலையாளம்தான் எழுதுவாராம். அம்மாவுக்கு வளையல் செய்ய அவர் தட்டானிடம் பேரம் பேசியது அந்த வார்த்தையில்தான். "எங்க அய்யா பணிக்கூலின்னுதான் சொல்லுவாக" என்றாள் அம்மா. எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சொல் வீட்டுக்குள் கேட்டிருக்கிறது. மகன் செத்ததை மறந்துவிட்டு விளம்பரம் முடியும்வரை சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு தளம் விளம்பரம் இல்லாமல் ஒரு மாதம் இலவசமாகத் தருகிறேன் என்றது. காசு கொடுக்கவில்லையே, விதி மீறல் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்த மாதம் சொர்க்கம். மூன்றாவது நாள் அம்மா கேட்டாள், "பணிக்கூலிக்காரன் இப்பல்லாம் வாறதே இல்லையே?" மாதம் முடிந்ததும் நீட்டிக்கவில்லை.

விளம்பரமே வேண்டாம் என்கிறவர்களுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் தமிழ்ப் படத்தை எதிர்பார்க்கக் கூடாது. கனடா நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியம் 2009-லிருந்து தன் படங்களை இணையத்தில் சும்மா பார்க்க விட்டிருக்கிறது. குட்டிக் குட்டி அனிமேஷன் படங்கள், பேச்சே இல்லாதவை நிறைய. லீவுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் மகன் இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்தது இவற்றைத்தான். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில், ஹாலிவுட் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டனின் மௌனப் படங்கள் கிடைக்கும். 1926-ல் எடுத்த அவருடைய ரயில் படத்தை அம்மாவோடு நாலு தரம் பார்த்துவிட்டேன். செங்கோட்டை - புனலூர் ரயில் பாதையின் பதின்மூன்று கண் பாலத்தில் மீட்டர் கேஜ் வண்டி போனதைப் பார்த்து வளர்ந்த ஆளுக்கு அந்த எஞ்சினைப் பார்க்கச் சலிக்குமா? ஆனால் ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், அங்கே இருப்பதெல்லாம் முறையானது என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரே ஒரு தரம் விதியை மீறிக் காசு கொடுத்தேன். கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் என்ற படத் தளத்தில். சந்தா கிடையாது, பார்க்கிற படத்துக்கு மட்டும் 75 ரூபாய், அதில் பாதி படத்துக்காரருக்கு. தெரியாமல் காசு பிடித்துக்கொண்டே இருக்கும் சந்தாவைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மலையாளப் படம் பார்த்தேன், விளம்பரம் இல்லை, கதை வெட்டுப்படவில்லை. தமிழ்நாட்டிலும் யாராவது இப்படிச் செய்தால் தேவலை.

இதுவரை எழுதியதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டியிருந்தால், சரி மச்சான், நானும் சந்தாவை நிறுத்துகிறேன் என்றிருப்பார். நல்ல வேளை, நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கோர்ட் படம். இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தாயிற்று. நீதிபதி கண்ணாடியை மாட்டுகிறார், தாளைப் புரட்டுகிறார், வாயைத் திறக்கிறார், வெளியே வருகிறது புட்டுப்பொடி. தவிர்க்க வழியில்லாத இரண்டு விளம்பரம். திரும்பி வந்து "இந்த வழக்கில்" என்றார், சிக்னல் போய்விட்டது. மழை நேரத்தில் எங்கள் ஊரில் இது சகஜம். மறுபடி வந்தபோது படம் முதலிலிருந்து. ஓட்டிக்கொண்டு கடைசிக்குப் போனால், ஓட்டியதற்கு ஒரு விளம்பரம். கொஞ்சம் முன்னே போய்விட்டது, பின்னே தள்ளினால் அதற்கு இன்னொன்று. நாலாவது தரம் அதே புட்டுப்பொடி வந்தபோது நான் டிவியை அணைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டேன். அவன் கொலை செய்தானா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அந்தச் சூட்டோடுதான் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "காசு கட்டிருங்க மாப்ளே. ஓசியே வேண்டாம்."

"அப்ப நீங்க?"

"நான் எப்படிக் கட்ட? அத்தை விடமாட்டா."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உள்ளே டிவி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது, செண்டை மேளம் கேட்டது, அம்மா யாரிடமோ பேசுகிற மாதிரி "எத்தனை பவன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மாப்பிள்ளை, அந்தப் பயல் போனிலிருந்து அந்தச் செயலியை எடுத்துவிட்டு, அதே போனில் உங்கள் வங்கிக் கணக்கு இருந்தால் கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.