படச் சீட்டா, சொப்புச் சாமானா?

குழந்தைக்குக் காது மெஷின் போட்டதும் வீட்டுக்கு வருவது படச் சீட்டு. பூனை, பந்து, மாம்பழம். எதிரே உட்காரவைத்து "இது என்ன?" என்று கேட்க ஆரம்பிக்கிறோம். சொப்புச் சாமான் மூலையில் கிடக்கிறது. மாலையில் கிடைக்கும் அந்த அரைமணி நேரத்தை எதற்குக் கொடுப்பது? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் யோசிக்காமல் சொப்பு என்பேன்.

சீட்டிலும் பயன் உண்டு. எத்தனை சொல் தெரியும் என்று பார்ப்பதற்கு அது வசதி. ஆனால் அது சொல்லித்தருவது பெரும்பாலும் பெயர்களை. தமிழில் பாதி அர்த்தம் சொல்லின் வாலில்தானே இருக்கிறது? சட்டியில், சட்டிக்கு, சட்டியை, ஊத்துறேன், ஊத்தினேன். வேகமாகப் பேசும்போது மெலிந்துபோகும் அந்த வால்தான் இந்தக் குழந்தைகளுக்குச் சுலபமாகத் தவறிப்போகிறது.

சொப்பில் அது தானாக வந்து விழும். "தண்ணி ஊத்து. சட்டியில ஊத்து. அய்யய்யோ, தரையில ஊத்திட்டியே! தாத்தாவுக்குக் குடு. பொம்மைக்கும் குடு." ஒரே சொல் பத்துத் தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் கண்ணெதிரே ஏதோ நடக்கிறது. "இது என்ன?" என்ற கேள்வி ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்த இடைவெளி குழந்தையுடையது.

வீட்டில் சைகை மொழி என்றாலும் இதே விளையாட்டுதான். ஆனால் குழந்தையின் கண் சொப்பிலும் உங்கள் கையிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. அது நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுங்கள்.

சொப்புக்கும் ஒரு குறை உண்டு. எவர்சில்வர் சொப்பு கணகணவென்று இரையும். மெஷின் அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கும். மரச் சொப்பு வாங்கலாம், அல்லது கீழே கெட்டித் துணி விரிக்கலாம். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும்.

பேசும் பொம்மை, போன் ஆப் எல்லாம் இந்தப் போட்டியிலேயே இல்லை. குழந்தை என்ன சொன்னாலும் அவை தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும்.

சீட்டில் இன்னொரு சிக்கல். எதிரே இருக்கும் நம் உதட்டையும் படத்தையும் பார்த்தே குழந்தை சரியாகச் சொல்லிவிடும்; காது கேட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம். அதனால் தினமும் காலையில் ஒரு விளையாட்டு. குழந்தையின் பக்கவாட்டில் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை முன்பின்னாக மாற்றிச் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு மரக்கட்டையைச் சொப்புப் பானையில் போடட்டும். இரண்டரை, மூன்று வயதில் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். நேற்று 'ஸ்' கேட்டுக் கட்டையைப் போட்ட குழந்தை இன்று போடவில்லையா? முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால் அன்றைக்கே ஆடியாலஜிஸ்ட்டை, அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரை, பார்த்துவிடுங்கள்.